தாமானை விடு!



பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. அப்போது நான் கடலை விட்டு வெகு தொலைவிலிருந்த ஓர் உள்நாட்டுப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். விடுமுறைக்காகத் தென் கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்த உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் தம் பாய்மர வள்ளத்தில் என்னை ஏற்றிக்கொண்டார். பன்னிரண்டு வயதுப் பேரனும் உடன் வந்தான். கரையைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், பாயின் கீழ் மூலையிலிருந்து வந்த கயிறு ஒன்றைப் பெரியவர் என் கையில் கொடுத்தார். "வாத்தியார் தம்பி, இதைச் சற்றுப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. நானும் ஒரு மாலுமி ஆகிவிட்டேனே!

எங்கிருந்தோ திடீரென்று ஒரு பெருங்காற்று வந்து மோதியது. வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "தாமானை விடு! தாமானை விடு!" என்று பெரியவர் கூவினார். நான் திகைத்து நாற்புறமும் பார்த்தேன். தாமான் என்பது யாது? மரமா, பலகையா, மனிதனா? ஒன்றும் விளங்கவில்லை. அச்சத்தில் கையிலிருந்த கயிற்றை முன்னிலும் இறுகப் பற்றிக்கொண்டேன். வள்ளம் மேலும் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அக்கணம் சிறுவன் பாய்ந்து வந்து என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி எறிந்தான். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, வள்ளம் நிமிர்ந்தது. நான் பற்றியிருந்த கயிறுதான் தாமான்!

கரை சேர்ந்ததும் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் தலையை அசைத்தார். "பிழை உங்களுடையது அல்ல, தம்பி. கயிற்றைக் கொடுத்தேன்; அதன் பேரைக் கொடுக்கவில்லை" என்றார்.

கடலைப் பற்றி நான் கற்ற முதற்பாடம் இதுவே. நிலத்தில் ஒரு சொல் தெரியாவிட்டால் அகராதியைப் புரட்டலாம். அண்டை வீட்டாரைக் கேட்கலாம். கடலில் அதற்கு நேரமில்லை. சொன்னவுடன் கை செயற்பட வேண்டும். ஆதலின் படகேறும் முன் அறிந்திருக்கவேண்டிய சில சொற்களை இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கடற்கரைப் பங்குகளில் வாழும் வாசகர்களுக்கு இவை தாய்ப்பாலோடு வந்தவை. ஊருக்கு ஊர் இச்சொற்கள் மாறுவதும் உண்டு என்பதை அவர்கள் அறிவார்கள். இக்கட்டுரை, என்னைப் போன்ற உள்நாட்டாருக்காக எழுதப்பட்டது.

முன்னும் பின்னும்

படகின் முன்பகுதிக்கு அணியம் என்று பெயர். அலையைப் பிளந்துகொண்டு செல்வது அதுவே. பின்பகுதியை அமரம் என்றும், கடையார் என்றும் இடத்திற்கேற்ப வழங்குவர். அடியில் அணியத்திலிருந்து பின்கோடி வரை முதுகெலும்பு போல் நீண்டு கிடக்கும் மரம் ஏரா. அதிலிருந்து இரு பக்கமும் விலா எலும்புகளைப் போல் எழும்பும் சட்டங்கள் வங்கு எனப்படும். மரக்கலம் கட்டுவோர் முதலில் ஏராவை வைத்து, பின்பு மற்றவற்றைச் சேர்ப்பர்.

பின்புறத்தில் நீருக்குள் இறங்கி நிற்கும் பலகை சுக்கான். படகைத் திருப்புவது இதுவே. புதிதாகப் பழகுவோர் இங்கே இரண்டு செய்திகளை நினைவில் வைக்கவேண்டும். சுக்கானுடன் நேராக இணைந்த கைப்பிடியை இடப்புறம் தள்ளினால் படகு வலப்புறம் திரும்பும். வலப்புறம் தள்ளினால் இடப்புறம் திரும்பும். இரண்டாவது, படகு நகர்ந்தால்தான் சுக்கான் வேலை செய்யும். நீர் அதன்மேல் மோதிச் செல்லாவிட்டால் அது வெறும் பலகையே.

இடமும் வலமும்

"இடப்பக்கம் போ" என்று ஒருவர் சொன்னால், எவருடைய இடப்பக்கம்? அணியத்தை நோக்கி நிற்பவருக்கு இடமாயிருப்பது, பின்னோக்கி நிற்பவருக்கு வலமாகும். இக்குழப்பத்தை நீக்கவே, அணியத்தை நோக்கி நிற்கும்போது இடக்கைப் பக்கமாக அமைவதைப் போர்ட் என்றும், வலக்கைப் பக்கமாக அமைவதை ஸ்டார்போர்டு என்றும் உலகெங்கும் கப்பலோட்டிகள் வழங்குகின்றனர். நீங்கள் எப்பக்கம் திரும்பி நின்றாலும் இப்பெயர்கள் மாறா.

இவற்றின் வரலாறும் சுவையானது. பின்னடியில் சுக்கான் பொருத்தும் வழக்கம் வருமுன், வட ஐரோப்பியர் படகின் வலப்பக்கத்தில் ஒரு பெருந்துடுப்பை வைத்துத் திருப்பினர். திருப்பும் பக்கம் என்பதே ஸ்டார்போர்டு என்ற சொல்லின் மூலப் பொருள். அத்துடுப்பு நசுங்காதிருக்க, துறையில் இடப்பக்கத்தையே கரையோடு சேர்த்துக் கட்டினர். ஆங்கிலேயர் அப்பக்கத்தை முன்னர் லார்போர்டு என்று அழைத்து வந்தனர். லார்போர்டு, ஸ்டார்போர்டு, புயலின் இரைச்சலில் இவ்விரண்டும் ஒன்றுபோல் ஒலிக்குமன்றோ? ஆகவே 1844-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை, லார்போர்டு என்னும் சொல்லை நீக்கிப் போர்ட் என்பதையே வழங்கவேண்டுமென ஆணையிட்டது. காதில் தெளிவாக விழாத சொல்லை ஒரு கடற்படையே கைவிட்டது என்றால், கடலில் சொல்லின் மதிப்பு எத்தகையது என்பதை உணரலாம்.

இரவில் இப்பக்கங்களை விளக்குகள் காட்டும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்புறம் வெள்ளை. 1972-இல் உருவாகி 1977-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகளின்படி, இயந்திரக் கலங்கள் இரண்டு ஒன்றன் வழியை மற்றொன்று குறுக்கிட்டால், மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காணும் கலமே வழிவிடவேண்டும். அவ்வாறு காணும்போது மற்றதன் சிவப்பு விளக்கே அதற்குத் தெரியும். சாலையிலுள்ள விளக்கைப் போலவே, சிவப்பைக் கண்டவன் நிற்கவேண்டும் அல்லது ஒதுங்கவேண்டும்.

மரமும் பாயும் கயிறும்

பாயைத் தாங்க நிமிர்ந்து நிற்பது பாய்மரம். பாயின் மேல்விளிம்பு கட்டப்பட்டிருக்கும் நீண்ட குறுக்குமரம் பருமல். பருமலைப் பாய்மரத்தின் உச்சிக்கு ஏற்றவும் இறக்கவும் உதவும் கயிறு ஆஞ்சான். ஏற்றிய பாயின் கீழ் மூலையிலிருந்து வந்து, பாயைக் காற்றுக்கேற்ப இழுக்கவும் தளர்த்தவும் பயன்படுவது தாமான். என்னைத் தண்ணீர் குடிக்க வைக்கப் பார்த்த கயிறு!

தாமானை இழுத்துப் பிடித்தால் பாய் காற்றை ஏந்தி விம்முகிறது, படகு ஓடுகிறது. தாமானை விட்டுவிட்டால் பாய் கொடியைப் போல் காற்றில் அலைந்து வலுவிழக்கிறது. அப்போது படகைச் சாய்க்கும் விசையும் நீங்குகிறது. பெருங்காற்று மோதும்போது தாமானை விடச் சொல்வது இதனாலேயே. சிறிய பாய்மரப் படகில் இக்கயிற்றை ஒருபோதும் அவிழ்க்கமுடியாத முடிச்சாகக் கட்டிவைக்கலாகாது. எக்கணமும் விடக்கூடியவாறு கையிலேயே இருக்கவேண்டும். பிடிப்பதில் மட்டுமன்று, உரிய நேரத்தில் விடுவதிலும் திறமை உண்டு என்பதைக் கடல் இவ்வாறு கற்பிக்கிறது.

காற்றின் பெயர்கள்

நம் முன்னோர் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டனர். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. கடற்கரை மக்கள் மேல்காற்றைக் கச்சான் என்றும், தென்காற்றைச் சோழகம் என்றும் அழைப்பர். காற்றுக்கு அது வரும் திசையால் பெயர் அமைகிறது. நீரோட்டத்துக்கோ, உலகக் கடல் வழக்கில் அது செல்லும் திசையாலேயே பெயர் அமைகிறது. வடகாற்று வடக்கிலிருந்து வருவது. வட நீரோட்டம் வடக்கு நோக்கிச் செல்வது. புதியவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இது.

படகில் இருப்போருக்குக் காற்று வரும் பக்கம் ஒன்று. காற்றுச் செல்லும் பக்கம் மற்றொன்று. பாய் விரித்த படகு எப்போதும் காற்றுச் செல்லும் பக்கமாகவே சாயும். ஆகவே ஆட்கள் காற்று வரும் பக்கத்தில் அமர்ந்து தம் எடையால் சமன் செய்வர். பாக் நீரிணைப் பகுதியின் சில வள்ளங்களில், காற்று வரும் பக்கமாக ஒரு நீண்ட பலகையை வெளியே நீட்டி, அதன்மேல் ஆள் ஏறி அமர்ந்து வள்ளத்தை நிமிர்த்துவதும் வழக்கமாயிருந்தது.

காற்றை எதிர்த்துப் பாய்மரப் படகு செல்லுமா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நேர் எதிராகச் செல்ல இயலாது. ஆனால் காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வாகச் செல்ல நல்ல படகால் இயலும். வளைந்த பாயின் இரு புறமும் காற்று வேறுவேறாக ஓடுவதால் பாயில் ஓர் இழுவிசை பிறக்கிறது. படகு பக்கவாட்டில் நழுவாமல் நீருக்குள் இருக்கும் ஏராவோ பலகையோ தடுக்கிறது. எஞ்சிய விசை படகை முன்னே செலுத்துகிறது. கட்டுமரத்துக்கு ஏரா இல்லை. ஆதலால் கட்டைகளின் இடுக்கில் ஒரு பலகையை நீருக்குள் இறக்கிக்கொள்வர். இவ்வாறு சிறிது வலமாகவும், பின்பு பாயை மாற்றிச் சிறிது இடமாகவும் வளைந்து வளைந்து சென்றால், காற்று வரும் திசையிலுள்ள ஊரையும் அடையலாம். மலைப்பாதையில் வண்டி ஏறுவது போல என்று கொள்ளுங்கள்.

காற்று பின்னாலிருந்து வரும்போது பயணம் எளிதென்று தோன்றும். உண்மையில் விழிப்பு அப்போதுதான் மிகுதியும் வேண்டும். படகு சற்றே திரும்பிவிட்டாலும் பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வேகமாக வீசியடிக்கும். கீழ்விளிம்பில் மரம் பொருத்திய பாயானால் அம்மரம் தலையில் மோதக்கூடும். "பாய் மாறுகிறது, குனிந்துகொள்ளுங்கள்" என்று ஓட்டுபவர் சொன்னால், ஏன் என்று கேளாமல் குனிவதே அறிவுடைமை.

ஆழமும் வேகமும்

இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனிவரை உள்ள நீளமே ஒரு பாகம். ஏறத்தாழ 6 அடி. ஈயக் குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி, மேலே இழுக்கையில் கை நீட்டிக் கை நீட்டி அளந்தே ஆழத்தைக் கண்டனர்.

வேகத்தை அளந்த முறை இன்னும் விந்தையானது. கயிற்றில் சம இடைவெளி விட்டு முடிச்சுகள் போட்டு, அதன் நுனியில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிவர். கட்டை நீரில் நின்றுவிடும், கப்பல் முன்னேறும், கயிறு ஓடும். மணற்கடிகையில் மணல் இறங்கி முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைவழியே ஓடினவோ, அதுவே கப்பலின் வேகம். அதனாலேயே இன்றும் கப்பலின் வேகத்தை, முடிச்சு என்று பொருள்படும் நாட் என்ற சொல்லால் குறிக்கின்றனர். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். ஆகவே "மணிக்கு 10 நாட்" என்பது தவறு. "10 நாட்" என்றாலே போதும். மணி அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

நங்கூரம்

நங்கூரம் தன் எடையால் மட்டும் கலத்தை நிறுத்துவதன்று. அதன் கொக்கி கடலடியில் பதிந்து பற்றவேண்டும். மேல்நோக்கி இழுத்தால் பிடி விடும். கிடையாக இழுத்தால் மேலும் ஆழப் பதியும். இதற்காகவே, கயிற்றால் நங்கூரமிடும்போது ஆழத்தைப் போல் 5 முதல் 7 மடங்கு நீளக் கயிற்றை விடுவர். வழக்கமாக அதை அணியத்திலிருந்தே இறக்குவர். அப்போது கலம் காற்றுக்கு முகங்காட்டி நிற்கும். அலை பின்புறமாக ஏறி உள்ளே புகாது.

இவ்வளவு அறிந்தபின் திருத்தூதர் பணி நூலின் 27-ஆம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள். நம் முன்னோர் சின்னப்பர் என்றழைத்த புனித பவுலின் கப்பற்சேத வரலாறு அது. நள்ளிரவில் மாலுமிகள் ஆழம் பார்க்கிறார்கள். முதலில் 20 பாகம். சற்றுத் தொலைவு சென்றபின் 15 பாகம். ஆழம் குறைகிறது, எனவே கரை நெருங்குகிறது, பாறையில் மோதும் ஆபத்தும் நெருங்குகிறது. உடனே பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்குகிறார்கள். ஏன் பின்புறத்திலிருந்து? அணியத்திலிருந்து இறக்கினால் கப்பல் காற்றை நோக்கித் திரும்பிவிடும். பின்புறத்திலிருந்து இறக்கினாலோ அணியம் கரையை நோக்கியே நிற்கும். விடிந்ததும் கயிறுகளை அறுத்துவிட்டு நேரே கரைக்குச் செலுத்தலாம்.

அப்போது மாலுமிகள் சிலர், அணியத்திலிருந்தும் நங்கூரமிடப் போவதாகச் சொல்லிச் சிறு படகை இறக்கித் தப்பிச் செல்ல முயன்றனர். கப்பல் ஏற்கெனவே பின்புறத்தால் கட்டப்பட்டு நிற்கிறது. அச்சொல் வெறும் பாசாங்கு. பவுல் அதை உணர்ந்து நூற்றுவர் தலைவனுக்கு எச்சரிக்கை செய்ய, வீரர்கள் அப்படகின் கயிறுகளை அறுத்துவிட்டனர். கப்பலை ஓட்டத் தெரிந்தவர்கள் கப்பலிலேயே தங்கினர். 276 பேரும் உயிரோடு கரையேறினர். அணியம், பின்புறம், பாகம், நங்கூரம் என்னும் நான்கு சொற்கள் புரிந்தால் அவ்விரவு முழுவதும் நம் கண்முன் விரிகிறது அல்லவா?

கடல் கடந்த சொற்கள்

படகுகள் சரக்கை மட்டும் ஏற்றிச் செல்வதில்லை. சொற்களையும் ஏற்றிச் செல்கின்றன. சுக்கான், மாலுமி ஆகியவை அரபு வணிகரோடு நம் கரைக்கு வந்தவை. நம் கப்பல் மலாய் மொழிக்குச் சென்று காப்பல் ஆயிற்று. ஆலயத்தில் நாம் அமரும் நடுக்கூடத்துக்கு மேனாட்டார் வழங்கும் பெயரும், கப்பல் என்று பொருள்படும் நாவிஸ் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே.

எல்லாவற்றிலும் தொலைதூரம் சென்றது கட்டுமரம். எடை குறைந்த மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்வதால் அப்பெயர். அதற்குள் நீர் புகுந்து மூழ்குவதற்கு வழியே இல்லை. கட்டைகளின் இடையே வந்த நீர் இடையேயே வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து வெயிலில் உலர்த்துவர். ஆங்கிலேயர் இச்சொல்லைக் கட்டமரான் என்று எடுத்துக்கொண்டனர். பின்னர் 1876-இல் அமெரிக்கப் படகுக் கலைஞர் நத்தானியேல் ஹெரஷாஃப், இரண்டு மெல்லிய உடல்களை இணைத்த அமரில்லிஸ் என்னும் படகைப் பந்தயத்தில் ஓட்டினார். இன்று உலகெங்கும் கட்டமரான் என்றால் அத்தகைய இரட்டை உடற்படகையே கருதுகின்றனர். பெயர் நம்முடையது, பொருளோ வேறாகிவிட்டது.

நம் கரையிலேயே கட்டுமரங்கள் அருகி வருகின்றன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆழிப்பேரலை தாக்கியபின், இழந்த கட்டுமரங்களுக்கு மாற்றாகப் பல ஊர்களில் இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகளே வந்தன. அவை விரைவாகச் செல்கின்றன, உழைப்பைக் குறைக்கின்றன. அவற்றைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. பாயில்லாத படகில் தாமானுக்கு இடமில்லை. தாமான் இல்லாத வீட்டில் அச்சொல்லுக்கும் இடமிராது.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். கடற்கரையில் வாழும் பிள்ளைகளே, உங்கள் பாட்டனார் திண்ணையில் ஓய்ந்திருக்கும் நேரத்தில் ஒரு குறிப்பேட்டுடன் அருகில் அமருங்கள். மரம், பாய், கயிறு, காற்று, மீன் ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு எழுதிவையுங்கள். உங்கள் ஊர்ச் சொல் நான் எழுதியதினின்று வேறானால், உங்களுடையதையே எழுதிக்கொள்ளுங்கள்.

உள்நாட்டு அன்பர்களே, சுற்றுலாவிலோ திருப்பயணத்திலோ படகேறும்போது மிதவைச் சட்டையை அணியுங்கள். ஏதேனும் அழகிய காட்சி தெரிந்தால் எல்லாரும் ஒரே பக்கமாக எழுந்து ஓடாதீர்கள்; படகு கவிழ அதுவே போதும். புறப்படுமுன் ஓட்டுபவரை அணுகி, "ஆபத்து வந்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள், அண்ணா? நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேளுங்கள். அவர் சிரித்தாலும் கேளுங்கள்.

அப்பெரியவர் இன்று இல்லை. கயிற்றைக் கொடுப்பவர் அதன் பேரையும் கொடுக்கவேண்டும் என்று அவர் நினைத்தார். வாங்குபவனும் கேட்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.